சக்ஷன் வாஷரும் சாக்பீஸ் பலகையும்: நம் பயிற்சி ஐயாவோடு ஒரு தருணம், எழுதுங்கள்

பம்ப் பேனல்

நமக்குத் தீயணைப்பு வேலை பழக்கிய ஐயா போய்விட்டார் என்ற செய்தி வந்ததிலிருந்து ஒரே காட்சிதான் கண்ணில் நிற்கிறது. இங்கே இருக்கிற பலரும் அவர் கையில் பழகியவர்கள். மேலே உங்கள் புனைபெயரைப் போட்டு ஆளுக்கு ஒரு தருணம் எழுதினால் போதும், வாழ்க்கை வரலாறு வேண்டாம்.

திறந்த நீர்நிலையில் சக்ஷன் டிரில், அதாவது பம்ப்பால் தண்ணீரை உறிஞ்சி ஏற்றும் பயிற்சி. நீர்மட்டத்துக்கு மேலே 5 மீட்டர் உயரத்தில் பம்ப். உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றும் பிரைமர் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. ஆபரேட்டர் த்ராட்டிலைக் கூட்டிக்கொண்டே போகிறார். ஐயா பேனல் பக்கம் வரவே இல்லை. தூரத்திலிருந்து, உறிஞ்சும் அளவைக் காட்டும் காம்பவுண்டு கேஜை மட்டும் பார்த்தார். முள் எழும், விழும், எழும், விழும். அப்புறம் சக்ஷன் ஹோஸ் ஓரமாகவே நடந்து இரண்டாவது ஜாயின்ட்டில் உட்கார்ந்தார். கழற்றச் சொல்லி, ஜாயின்ட்டில் காற்று புகாமல் அடைக்கும் வாஷர் உட்காரும் பள்ளத்தில் சுட்டு விரலை விட்டு ஒரு சுற்று சுற்றினார். நகத்தில் ஒரு மணல் ஒட்டியிருந்தது. அந்த நகத்தை எட்டுப் பேருக்கும் காட்டினார். "பம்ப்பை நிறுத்தினது இதுதான். எஞ்சினைத் திட்டாதீங்க."

முள்ளை எப்படிப் படிப்பது என்று அன்றைக்கு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். முள் எழவே இல்லை, அல்லது எழுந்து விழுகிறது என்றால் காற்று உள்ளே போகிறது: வாஷர், தளர்ந்த ஜாயின்ட், மூடாத வடிகால் காக், சரியாக மூடாத டெலிவரி வால்வு. முள் நன்றாக எழுந்து அங்கேயே நிற்கிறது, ஆனால் தண்ணீர் இல்லை என்றால் ஹோஸ் நுனியில் இருக்கிற வடிகட்டி, ஸ்ட்ரெய்னர், சேற்றிலோ இலையிலோ அடைத்திருக்கிறது, அல்லது உயரம் கை மீறிப் போயிருக்கிறது. 5 மீட்டர் உயரத்துக்கு முள் சுமார் 370 மி.மீ. பாதரசம் காட்ட வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு கூடுகிறதோ அதெல்லாம் ஹோஸும் ஸ்ட்ரெய்னரும் தின்கிற பங்கு. ஏட்டுக் கணக்கில் கடல்மட்டத்தில் 10.3 மீட்டர் வரை தண்ணீர் ஏறலாம். களத்தில் 7 மீட்டரைத் தாண்டினால் நம்பி நிற்காதீர்கள் என்பார்.

ஹோஸ் பம்ப்பை நோக்கி ஏறிக்கொண்டே வர வேண்டும். சுவர் மேலே ஏறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். ஸ்ட்ரெய்னர் அடியையும் தொடக்கூடாது, மேலே மிதக்கவும் கூடாது. நீர்ப்பரப்பில் சுழி தெரிந்தால் காற்று இழுக்கிறது என்று பொருள், இன்னும் ஆழமாக இறக்குங்கள். ஹோஸின் எடையைக் கயிறு தாங்க வேண்டும், பம்ப்பின் வாய் தாங்கக்கூடாது.

அந்த மணலைக் காட்டிய விரல்தான் எனக்கு மறக்கவில்லை.

கதவுப் பக்கம்

அவர் கதவுக்குத் தண்ணீர் தெளித்தது.

மூடிய அறை, ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் எண்ணெய் பூசினது போலக் கறுத்திருக்கிறது, தீ நாக்கு எங்கும் தெரியவில்லை. கதவிடுக்கில் புகை வெளியே வருகிறது, சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்கிறது, மறுபடி வருகிறது. வெளியே நின்றவர்கள் தீ அடங்கிவிட்டது என்றே நினைத்தார்கள். ஐயா ஹோஸ் முனையில் இருக்கிற பிராஞ்சைச் சற்றே திறந்து, கதவின் மேலிருந்து கீழாக ஒரு கோடு தண்ணீர் விட்டார். மேல் பாதியில் தண்ணீர் சீறி ஆவியாகிப் போனது. கீழே ஈரம் அப்படியே நின்றது. எந்த மட்டத்தில் ஈரம் மிஞ்சியதோ அந்த மட்டத்தைக் கையுறையால் தொட்டுக் காட்டினார். "இதுக்கு மேலே நெருப்பு, இதுக்குக் கீழே நம்ம இடம்."

திறக்கிற முறை: முதலில் மேலே காற்றுப்போக்கிக்கு ஆள் போய்த் தயார் என்று குரல் வர வேண்டும். ஹோஸில் தண்ணீர் நிரம்பி, பிராஞ்சில் ஒருமுறை திறந்து பார்த்திருக்க வேண்டும். ஒருவர் கதவைப் பிடிக்கிறவர், அவர் வேலை அது மட்டும்தான். வெளிப்பக்கம் திறக்கிற கதவானால் காலை அண்டை கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், உள் அழுத்தம் தூக்கி எறியாமல் இருக்க. இருவரும் முழங்காலில், கதவின் நேர்வாயில் யாரும் இல்லை. ஓர் அடி திறந்து, மேற்கூரைப் புகைக்குள் சின்னச் சின்னத் துளித் தெளிப்பாக இரண்டு மூன்று விட்டு, மூடி, காத்திருந்து, பார்த்து, மறுபடி. கதவை முழுதாகத் திறப்பது கடைசியில்.

பழைய பிராஞ்ச்மேன்

கதவுப் பக்கம் எழுதியதில் ஒன்றை மறுக்க வேண்டியிருக்கிறது. துளித் தெளிப்பு ஐயா ஆரம்பத்தில் சொல்லிக்கொடுத்ததே கிடையாது. முன்னால் பழகியவர்களுக்கு அவர் சொன்னது நேர்ஜெட், அதாவது சிதறாமல் நேராகப் பாயும் தண்ணீர், தீயின் அடிவாரத்தில். புகைக்குத் தண்ணீர் அடிக்காதே என்று கத்தியவர் அவர்தான். பின்னாளில் மாற்றிக்கொண்டார். மாற்றிக்கொண்ட அன்றைக்கு வகுப்பில் நின்று, இவ்வளவு நாள் சொன்னதில் பாதி தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு அந்த முகம்தான் நினைவில் இருக்கிறது. அவர் எப்போதுமே அப்படித்தான் சொன்னார் என்று எழுதினால் அந்தத் துணிவு மறைந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

கரும்பலகையில் போட்ட கணக்கு இது. 1 லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். 4 மீட்டருக்கு 4 மீட்டர், 3 மீட்டர் உயர அறை 48 கன மீட்டர். 28 லிட்டர் ஆவியானாலே அந்த அறை முழுக்க நீராவி. உள்ளே ஆள் கிடந்தால் தீ கொல்லாவிட்டாலும் ஆவி கொல்லும். ஆனால் அந்த ஆவி எங்கே உண்டாகிறது என்பதுதான் கேள்வி என்றார். கொதிக்கிற சுவரிலும் கூரையிலும் தண்ணீர் பட்டு ஆவியானால், சூடான புகை அப்படியே இருக்க, அதன்மேல் ஆவியும் சேர்ந்து கீழே தள்ளும். புகைக்கு உள்ளேயே நுண்துளி ஆவியானால் புகை குளிர்ந்து சுருங்கும், அந்தச் சுருக்கம் ஆவியின் பெருக்கத்தை ஈடுகட்டிவிடும். ஆகவே துளி சுவரைத் தொடக்கூடாது. தெளித்தபின் கூரையிலிருந்து பெரிய பெரிய சொட்டாக உங்கள் ஹெல்மெட்டில் விழுந்தால் அதிகமாக விட்டிருக்கிறீர்கள். ஒன்றுமே விழாமல் ஆவியாகிப் போனால் மேலே இன்னும் சூடு குறையவில்லை.

எரிகிற பொருளை அணைக்க ஜெட்தான். அதை அவர் கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை. தெளிப்பு, தீவரைக்கும் போய்ச் சேர வழி செய்கிறது. அணைப்பது அதன் வேலை இல்லை.

கதவுப் பக்கம்

ஏற்றுக்கொள்கிறேன் அண்ணே. எங்கள் தொகுதி பின்னால் வந்தது, மாறியபின் இருந்த ஐயாவை மட்டுமே எங்களுக்குத் தெரியும். ஒரு வகுப்பில் நின்று அப்படிச் சொன்னார் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

சாக்பீஸ்

அவரிடம் பி.ஏ. என்ட்ரி போர்டு, அதாவது மூச்சுக்காற்று சிலிண்டரோடு உள்ளே போகிறவர்களின் நேரமும் அழுத்தமும் எழுதும் பலகை, கற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கீழ்த்தள வேலை, உள்ளே இரண்டு பேர். காற்று தீரப்போவதைச் சொல்லும் விசில் அடிக்கவே இல்லை, இன்னும் காற்று இருக்கிறது, உள்ளே இருந்தவர்கள் இன்னும் ஓர் அறைதான் பாக்கி என்று ரேடியோவில் கெஞ்சுகிறார்கள். ஐயா போர்டில் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "திரும்புங்க." அவ்வளவுதான், இரண்டாவது தரம் சொல்லவில்லை. ரேடியோவை இடுப்பில் செருகிவிட்டு வாசலைப் பார்த்து நின்றார். அடுத்த ஜோடி ஏற்கெனவே மாஸ்க் போட்டுத் தயாராக இருந்தது. மிச்ச அறைக்கு அவர்கள் போனார்கள்.

கணக்கு தெரியாதவர்களுக்கு: 6 லிட்டர் சிலிண்டர், 300 பார் என்றால் 1,800 லிட்டர் காற்று. நிமிஷத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 45 நிமிஷம். இந்த 45-ஐத்தான் எல்லோரும் மனசில் வைத்துக்கொள்கிறார்கள், அதுதான் ஆபத்து. விசில் 55 பாரில் அடிக்கும். அந்தக் கடைசி 330 லிட்டர் வேலைக்கு அல்ல. அது போனால் சுமார் 36 நிமிஷம். படியேறி, ஹோஸ் இழுத்து, ஆளைத் தூக்கினால் மூச்சு 60 லிட்டருக்குப் போகும், அப்போது 24. விசில் அடித்தபின் மிஞ்சுவதும் 8 நிமிஷம் அல்ல, 5 சொச்சம்.

ஆகவே திரும்புகிற அழுத்தம். 280 பாரில் நுழைந்தீர்கள், வேலை இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 220. வழிக்கு 60 ஆனது. திரும்பவும் 60 வேண்டும், கையிருப்பு 55, மொத்தம் 115. ஐயா போர்டில் 115 என்று எழுத மாட்டார், 130 என்று எழுதுவார். போகிறபோது தெரிந்த வழி திரும்புகிறபோது தெரியாது, அதற்கு 15. ஜோடியில் யாருக்குக் குறைவாக இருக்கிறதோ அவருடைய எண்தான் இருவருக்கும். போர்டுக்காரர் கையில் வேறு எந்த வேலையும் இருக்கக்கூடாது. ஹோஸைக் கொஞ்சம் பிடி என்று யாராவது கொடுத்தால் வாங்கக்கூடாது.

வலது கை சுவரில்

சாக்பீஸ் சொன்னதோடு சேர்த்து ஒன்று. புகையில் தேடும்போது எந்தக் கை சுவரில் போனதோ, திரும்ப மற்றக் கை அதே சுவரில். இன்னொரு கையால் முன்னால் துழாவும்போது உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். அறுந்து தொங்கும் மின்கம்பி உள்ளங்கையில் பட்டால் விரல் மூடிக்கொண்டு விடாது. புறங்கையில் பட்டால் கை விலகும். இதைச் சொல்லிக்கொடுக்க ஐயா கண்ணைக் கட்டி அறைக்குள் விட்டு, நைலான் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார். யார் அதை உள்ளங்கையால் பிடித்தாலும் விளக்கைப் போட்டு, பெயர் சொல்லாமல், "ஒருத்தர் இல்லை" என்பார். அந்தக் குரலில் கோபம் இருக்காது. வெறுமே எண்ணிக்கை சொல்கிற குரல்.

பாதமும் அப்படித்தான்: எடை பின்காலில், முன்கால் தரையைத் தடவி, தட்டிப் பார்த்து, அப்புறம்தான் எடை மாற வேண்டும். படியில் இறங்கும்போது பின்புறமாக.

நீல வால்வு

எரிவாயு சிலிண்டர். வால்வில் இருந்து தீ பீறிட்டு எரிகிறது. புதுப் பையன் ஒருத்தன் பவுடர் எக்ஸ்டிங்குஷரோடு ஓடினான். ஐயா அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, "அணைச்ச பிறகு என்ன பண்ணுவே?" என்றார். பையனிடம் பதில் இல்லை.

வால்வை மூட வழி இருந்தால் ஒழிய அந்தத் தீயை அணைக்கக்கூடாது. எரிகிற வாயு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அணைத்தால் அதே வாயு தரையோடு பரவும். காற்றைவிட ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு கனம். பள்ளம், சாக்கடை, கீழ்த்தளம் என்று போய்த் தேங்கி, காற்றில் 2 சதவீதம் சேர்ந்ததும் எங்கோ ஒரு சுவிட்சில் பற்றும். ஆகவே எரிய விட்டு, உடம்பைக் குளிர்விக்க வேண்டும். எந்த இடம்? திரவம் இருக்கிற கீழ்ப் பகுதி தன் சூட்டைத் திரவத்துக்குக் கொடுத்துவிடும். மேலே வாயு மட்டும் இருக்கிற தகடுதான் சீக்கிரம் மெலியும், அங்கேதான் கிழியும். தண்ணீர் மேலிருந்து வழிந்து முழு உடம்பையும் நனைக்க வேண்டும், சுவர் மறைவிலிருந்து. தெளித்த இடத்தில் தண்ணீர் சட்டென்று ஆவியானால் இன்னும் போதவில்லை. பாதுகாப்பு வால்வின் சத்தம் ஏறிக்கொண்டே போனால் எல்லோரும் பின்வாங்க வேண்டும்.

ஈரத்துணி

ஐயா தன் தீயணைப்புக் கோட்டைத் துவைத்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு நினைவு. கரி ஏறிய ஹெல்மெட்டைப் பெருமையாக மாட்டித் திரிந்த காலம் அது; கறுப்பு கூடினால் அனுபவம் கூடினது என்று பேச்சு. அவர் மட்டும் ஒவ்வொரு தீயழைப்பு முடிந்தும் வண்டிக்குப் பின்னால் நின்று பிரஷ் போடுவார். பெரியவருக்குச் சுத்தப் பைத்தியம் என்று பேசிக்கொள்வார்கள். அவர் காதில் விழுந்தும் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

2022-ல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்பு வேலையில் உடம்பில் படுகிறவற்றை முதல் வகையில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான வகையில் சேர்த்தது. அன்றைக்கு எனக்கு அந்த பிரஷ் சத்தம்தான் கேட்டது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் இதைப் படிக்கிற இளையவர்களுக்காக முழுசாக எழுதிவிடுகிறேன். வெளியே வந்ததும் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் காய்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிட வேண்டும், அப்புறம் சோப்பு கலந்த தண்ணீரால், ஹெல்மெட், தோள், சிலிண்டர் பட்டி, கை, கால், பூட்ஸ் என்ற வரிசையில். பட்டியின் மடிப்புகளை விட்டுவிடுவார்கள், அங்கேதான் தூள் சேரும். கழற்றும்போது கையுறை கடைசியில் வர வேண்டும். வெறுங்கையால் கோட்டைத் தொட்டால் செய்ததெல்லாம் வீண். ஹெல்மெட்டுக்குள் போடுகிற துணி மூடியை, அதன் அழுக்கான வெளிப்பக்கம் முகத்தில் படாமல் சுருட்டி எடுங்கள்.

உடனே ஈரத்துணியால் கழுத்து, தாடையடி, காதின் பின்புறம், மணிக்கட்டு, அக்குள், தொடையிடுக்கு. தோல் மெல்லிசான இடங்கள் இவை, சூட்டிலும் வியர்வையிலும் இன்னும் அதிகம் உறிஞ்சும். கோட்டைப் பையில் கட்டி, வண்டியின் உட்காரும் அறையில் அல்லாமல் வெளிப்பெட்டியில் வையுங்கள். திரும்பியதும் ஒரு மணி நேரத்துக்குள் குளியல்.

துவைக்கும்போது உள் அடுக்கையும் வெளி அடுக்கையும் பிரித்து, ஜிப், கொக்கி எல்லாம் மூடி, 40 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில், தனியாக. குளோரின் ப்ளீச் போட்டால் கோட்டின் சூடு தாங்கும் அராமிட் நூல் இற்றுப்போகும். துணியை மென்மையாக்கும் திரவம் போட்டால் எளிதில் எரிகிற படலம் ஒன்றைப் பூசிவிடும். காய வைப்பது நிழலில். வெயிலின் புற ஊதாக் கதிர் அந்த நூலை அரிக்கும். இதை வீட்டுத் துணியோடு ஒரே மெஷினில் போடுகிறவர்கள் இருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள், உங்கள் குழந்தைகளின் சட்டையும் அதில்தான் சுற்றுகிறது.

இரண்டாவது கோட்

ஈரத்துணி சொன்னது எல்லாம் சரி, ஆளுக்கு இரண்டு செட் இருக்கிற இடத்தில். ஒரே கோட்தான் இருக்கிறது, நனைத்துக் காயப்போட்டிருக்கிறது, மணி அடிக்கிறது, அப்போது? ஈரக் கோட்டோடு சூட்டுக்குள் போனால் துணியிலிருக்கிற தண்ணீர் ஆவியாகி உள்ளே வேகவைத்துவிடும். ஐயாவே ஒரு கோட் இருந்த நாளில் முழுசாக நனைக்க மாட்டார். அவர் காய்ந்த பிரஷ்ஷை வைத்துக்கொண்டதே அதனால்தான். சுத்தப் பைத்தியம் இல்லை, இருந்ததை வைத்து முடிந்ததைச் செய்தார். அந்த பிரஷ் வண்டியின் வலது பின்பெட்டியில் கிடக்கும்.

ஈரத்துணி

அந்த பிரஷ் காய்ந்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை. நன்றி.

கம்பி

பஞ்சு கிடங்கு. தீ அணைந்து நாலு மணி நேரம். எல்லோரும் ஹோஸைச் சுருட்டுகிறார்கள். ஐயா ஒரு பொதியின் மேல் உட்கார்ந்து, ஒரு மீட்டர் நீள இரும்புக் கம்பியை உள்ளே குத்தி விட்டுக் காத்திருக்கிறார். ஐந்து நிமிஷம் கழித்து உருவி, நுனியிலிருந்து மேலே புறங்கையால் தடவினார். நடுவில் ஓர் இடத்தில் கையைச் சட்டென்று எடுத்தார். "இங்கே இருக்கு." ஹோஸ் மறுபடி விரிந்தது. ஏறக்குறைய முப்பது பொதி, ஒவ்வொன்றிலும் கம்பி. விடியும் வரை.

அழுத்திக் கட்டிய பஞ்சின் மேலே அடிக்கிற தண்ணீர் உள்ளே போகாது, வழிந்துவிடும். உள்ளே காற்று கொஞ்சம் இருந்தாலே கங்கு நாள்கணக்கில் நடக்கும். பொதியை வெளியே கொண்டுவந்து, பட்டையை வெட்டி, பிரித்து நனைக்க வேண்டும். தண்ணீரில் நனைப்பான் கலந்தால் பரப்பு இழுவிசை குறைந்து உள்ளே இறங்கும். உள்ளேயே விட்டு மேலே மேலே தண்ணீர் அடித்தால் இரண்டு கேடு: நனைந்த பொதி ஊதிச் சுவரை வெளியே தள்ளும், தரை தாங்க வேண்டிய எடை ஏறிக்கொண்டே போகும். ஆகவே சுவருக்கும் பொதி அடுக்குக்கும் நடுவே ஆள் போகக்கூடாது.

அன்றைக்கு விடிகிற நேரத்தில்தான் அவர் இரண்டு தேதிகளைச் சொன்னார். 1944 ஏப்ரல் 14, பம்பாய் விக்டோரியா டாக், ஃபோர்ட் ஸ்டிகீன் கப்பல். பஞ்சுப் பொதியும் வெடிபொருளும் ஒரே கப்பலில். அணைக்கப் போனவர்களில் 66 தீயணைப்பு வீரர்கள் திரும்பவில்லை. 1947 ஏப்ரல் 16, டெக்சாஸ் சிட்டி, கிராண்ட்கேம்ப் கப்பல், அம்மோனியம் நைட்ரேட். சரக்கு நனையக்கூடாது என்று அறையை மூடி நீராவி விட்டார்கள். காற்றை அடைத்து அந்தத் தீயை அணைக்க முடியாது, ஆக்சிஜன் அந்த உப்பிலேயே இருக்கிறது; மூடியதும் சூடும் அழுத்தமும் ஏறின. அந்த ஊர்த் தீயணைப்புக் குழுவில் ஒருவர் தவிர அத்தனை பேரும் போனார்கள். "இரண்டு இடத்திலும் முதல் கேள்வி ஒண்ணுதான். உள்ளே என்ன இருக்கு? அதைக் கேட்டுட்டுக் கிட்டே போ" என்றார். கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

பழைய பிராஞ்ச்மேன்

கம்பி, அந்த இரவில் தண்ணீர்க் கணக்கும் போட்டார், அதை விட்டுவிட்டீர்கள். 20 மி.மீ. நாசில், 5 பார் என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 600 லிட்டர். 4,500 லிட்டர் டேங்க் ஏழரை நிமிஷத்தில் காலி. அதே அழுத்தத்தில் 12 மி.மீ. நாசில் 215 லிட்டர், 20 நிமிஷத்துக்கு மேல் வரும். கங்கு தேடுகிற வேலைக்கு 20-ஐ மாட்டியிருந்தவரிடம், "இந்த ஏழு நிமிஷத்துக்கு அப்புறம் யார் வருவாங்க?" என்று கேட்டு மாற்றச் சொன்னார். பிராஞ்ச் பின்னால் தள்ளுவதும் அப்படித்தான்: 20-க்கு 32 கிலோ எடை நெஞ்சில் சாய்வது போல, 12-க்கு 12 கிலோகூட இல்லை. ஒரே ஆள் பிடிக்கலாமா கூடாதா என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

உயரமும் சேருங்கள். 10 மீட்டர் ஏறினால் 1 பார் போகும். தண்ணீர் நிரம்பிய 63 மி.மீ. ஹோஸ், 15 மீட்டர் நீளம், உள்ளே 47 லிட்டர். படிக்கட்டில் நிரப்பிவிட்டு இழுக்கச் சொன்னால் அந்த 47 கிலோவையும் சேர்த்துத்தான் இழுப்பார்கள். காலியாக மேலே கொண்டுபோய், தேவைக்கு மேல் ஒரு நீளம் வளைத்துப் போட்டு, அப்புறம் தண்ணீர் கேளுங்கள்.

வலது கை சுவரில்

மூடிய குழி, உள்ளே ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். அவருடைய தம்பி குதிக்கப் பார்க்கிறார். ஐயா குழியின் வாயில் குறுக்கே படுத்துவிட்டார். கையை விரித்து, உடம்பால் அடைத்து. பி.ஏ. செட் வரும் வரை அப்படியே. தம்பி அவர் முதுகில் அடித்தார், அவர் நகரவில்லை.

அழுகல் உள்ள குழியில் இரண்டாவது ஆள்தான் சாவார். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு குறைவாக இருந்தால் நாறும், கூடினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று இறங்குகிறவர் அதோடு சரி. வடிகட்டி மாஸ்க் போதாது, அது காற்றை வடிக்கும், ஆக்சிஜன் தராது. காற்றில் 20.9 சதவீதம் இருக்க வேண்டியது 19.5-க்குக் கீழே போனாலே கருவி அலறும். வெறும் கயிறு போட்டும் பயன் இல்லை, மயங்கினவர் தன்னைக் கட்டிக்கொள்ள மாட்டார். பி.ஏ. போட்டவர் மேலே இருந்து தாங்கும் கயிற்றோடு இறங்கி, நாற்காலி முடிச்சில் மாட்டித் தூக்க வேண்டும்: ஒரு கண்ணி அக்குளடியில், இன்னொன்று முழங்கால் மடிப்பில், கீழே ஆட்டம் தடுக்க ஒரு வழிகாட்டுக் கயிறு. மேலே மாற்று ஆள் மாஸ்க் போட்டுத் தயாராக இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது.

சாக்பீஸ்

அந்தத் தம்பி அப்புறம் பல வருஷம் ஐயாவைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். ஐயா அவரிடம் குழியைப் பற்றிப் பேசவே மாட்டார்.

பம்ப் பேனல்

எல்லாவற்றையும் படித்தேன். என் பதிவில் விட்டுப்போன ஒன்று. மணலைக் காட்டியபின் ஐயா வாஷரைக் கழுவி மறுபடி போடவில்லை. ஓரம் லேசாக வெட்டுப்பட்டிருந்தது, அதைக் கத்தியால் இரண்டாக அறுத்துவிட்டுப் புதுசு போட்டார். அறுக்காமல் போட்டால் யாராவது எடுத்து மறுபடி மாட்டிவிடுவார்கள் என்பதற்காக. உலர் சோதனையும் அப்போதே செய்ய வைத்தார்: சக்ஷன் முனையை மூடியால் அடைத்து, பிரைமர் போட்டு முள்ளை ஏற்றி, நிறுத்தி, ஒரு நிமிஷம் பார்ப்பது. முள் சரிந்தால் எங்கோ ஓட்டை. எங்கே என்று கண்டுபிடிக்க டேங்க் தண்ணீரை உள்ளே விட்டு அழுத்தம் கொடுத்தால், காற்று நுழைந்த இடத்தில் இப்போது தண்ணீர் கசியும்.

ஸ்பேனர் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு கம்பி வளையம் செய்து மாட்டியிருந்தார். 100 மி.மீ. வாஷர் இரண்டு, 63 மி.மீ. நாலு. பழைய வண்டியில் இருக்கிறவர்கள் யாராவது பார்த்துச் சொல்வீர்களா, அந்த வளையம் இன்னும் இருக்கிறதா?

இரண்டாவது கோட்

இப்போதுதான் போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். வளையம் இருக்கிறது. 100-ல் இரண்டும் இருக்கின்றன, ஒன்று காய்ந்து வெடித்திருக்கிறது. 63-ல் மூன்றுதான். வெடித்ததை அறுத்துவிட்டேன். காலை ஷிஃப்டில் இரண்டையும் வாங்கி மாட்டிவிடுகிறேன்.